இரண்டு கட்சி, எத்தனை அணி? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் பேச்சு எடுத்தாலே காரிமங்கலம் டீக்கடையிலும் ஓசூர் கம்பெனி பஸ்ஸிலும் சுற்றிச் சுற்றி வரும் கேள்விகள்தான் இவை. திமுக, அதிமுக என்ற இரண்டு பெரிய கட்சிகளுக்குள் எப்படி அணிகள் கிளம்புகின்றன, ஏன் சில நிற்கின்றன, ஏன் பல காணாமல் போகின்றன என்பதை முடிந்தவரை நம் இரண்டு மாவட்டத்தை வைத்தே சொல்கிறேன். யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று இதில் தேடாதீர்கள், கிடைக்காது.

தமிழ்நாட்டில் ஏகப்பட்ட கட்சி இருக்கே, இதை எப்படி இரு கட்சி முறைன்னு சொல்றீங்க?

சட்டத்தில் அப்படி ஒன்றும் எழுதி வைக்கவில்லை. ஆனால் 1967-ல் காங்கிரஸ் ஆட்சி போனதிலிருந்து 2021 தேர்தல் வரை எடுத்துப் பாருங்கள், முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஒன்று திமுக, இல்லையென்றால் அதிமுக, நடுவில் அவ்வப்போது குடியரசுத் தலைவர் ஆட்சி. மற்ற கட்சிகள் எல்லாம் கூட்டணியில் சீட்டு வாங்கி ஜெயித்தார்களே தவிர ஆட்சியில் பங்கு கேட்டு வாங்க முடியவில்லை. 2006-ல் திமுகவுக்கு 96 இடம்தான், தனிப் பெரும்பான்மை இல்லை, அப்போதும் காங்கிரஸ் வெளியில் நின்று ஆதரவு கொடுத்ததே ஒழிய மந்திரிசபைக்குள் போகவில்லை.

காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். தொகுதியில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் ஜெயித்தவர் ஜெயித்தவர்தான், இரண்டாவது வந்தவருக்கு ஒன்றும் கிடையாது. 2021-ல் கிருஷ்ணகிரி தொகுதியில் அதிமுக வேட்பாளர் வெறும் 794 ஓட்டில் திமுகவை முந்தினார், அவ்வளவுதான், ஐந்து வருஷத்துக்கு எம்.எல்.ஏ. அவர். இப்படி ஒரு முறை இருக்கும் ஊரில் ஓட்டு வீணாகப் போகக் கூடாது என்று ஜனங்களே இரண்டு பெரிய கட்சிப் பக்கம் ஒதுங்கி விடுவார்கள் என்று மோரிஸ் டுவெர்ஜே என்ற பிரெஞ்சு அறிஞர் சொல்லி வைத்தார். நம் ஊர்க்காரர் இதை ‘ஜெயிக்கிற பக்கம் குத்துடா’ என்று முடித்து விடுவார்.

கட்சியை விட்டுப் பிரிந்து போகும் அணிக்கும் இதே கணக்குதான். அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

அதிமுகவே திமுகவிலிருந்து உடைந்து வந்ததுதானே? அது மட்டும் எப்படி நின்றது?

ஆமாம். கட்சிப் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டார், நீக்கினார்கள், 1972 அக்டோபர் 17-ல் தனிக் கட்சி ஆரம்பித்தார். அவர் உதயசூரியனுக்கு அடிபோடவில்லை. 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்றார், ஜெயித்தார், திமுக மூன்றாவது இடத்துக்குப் போனது. புதுச் சின்னத்தை ஒரே இடைத்தேர்தலில் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்து விட்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு ‘எம்.ஜி.ஆர். செய்தாரே, நான் செய்ய மாட்டேனா’ என்று பிறகு கிளம்பியவர்கள் பட்டியல் நீளம். அவருக்கு முன்பே 1961-ல் ஈ.வெ.கி. சம்பத் திமுகவை விட்டுப் போய்த் தமிழ்த் தேசியக் கட்சி வைத்தார், கொஞ்ச வருஷத்தில் காங்கிரசில் கரைந்தது. வைகோ 1993-ல் நீக்கப்பட்டு 1994-ல் மதிமுக தொடங்கினார். பல மாவட்டச் செயலாளர்கள் அவர் பின்னால் போனார்கள், கூட்டம் அள்ளியது. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஒரு இடம்கூட வரவில்லை. கூட்டம் வேறு, ஓட்டு வேறு என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

சேவல், இரட்டைப்புறா என்று பெரியவர்கள் பேசுகிறார்களே, அது என்ன கதை?

1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். இறந்தார். அடுத்த மாதமே அவர் மனைவி ஜானகி முதலமைச்சர். கட்சி ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று இரண்டாகக் கிழிந்தது. 1988 ஜனவரி கடைசியில் சட்டமன்றத்தில் நம்பிக்கை ஓட்டெடுப்பு அடிதடியாகிப் போலீஸ் உள்ளே வரும் வரை போனது, இரண்டே நாளில் ஆட்சி கலைந்தது.

1989 ஜனவரித் தேர்தலுக்கு இரட்டை இலையை இருவருக்கும் இல்லாமல் முடக்கி வைத்தார்கள். ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப்புறா. அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்ட கிழவிகளைக் கேட்டுப் பாருங்கள், ‘எலையைக் காணோம்’ என்று சாவடியில் தேடியதைச் சொல்வார்கள். இருபது வருஷமாக இலைக்குக் குத்திப் பழகிய விரலுக்குச் சேவல் எப்படிப் புரியும் என்று கேட்காதீர்கள், இலைக்கே அப்போது வயது பதினாறுதான், ஆனால் அதற்குள் அந்த அளவுக்கு ஊறியிருந்தது.

முடிவு: திமுக சுமார் 33 சதவீத ஓட்டை வைத்துக்கொண்டு 150 இடம் ஜெயித்தது. ஜெயலலிதா அணிக்கு 27. ஜானகி ஆண்டிபட்டியில் தோற்றார், அவர் அணி துடைத்தெறியப்பட்டது. காங்கிரசும் தனியாக நின்றதால் எதிர் ஓட்டு மூன்றாகப் பிரிந்தது, அதுதான் விஷயம். பிறகு நடந்ததைப் பாருங்கள். ஜானகி ஒதுங்கிக்கொண்டார், சில வாரத்திலேயே அணிகள் இணைந்தன, இலை திரும்ப வந்தது, உடனே மருங்காபுரி, மதுரை கிழக்கு என்ற இரண்டு இடைத்தேர்தலிலும் அதிமுக ஜெயித்தது. அதே ஆட்கள், அதே கொடி. மாறியது சின்னம் மட்டும்தான் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

பர்கூர் ஏன் எல்லோர் வாயிலும் வருகிறது?

1991-ல் ஜெயலலிதா முதல் தடவை முதலமைச்சர் ஆனது நம் பர்கூர் எம்.எல்.ஏ.வாகத்தான். காங்கேயத்திலும் ஜெயித்தார், அதை விட்டுவிட்டுப் பர்கூரை வைத்துக்கொண்டார். 1996-ல் அதே பர்கூரில் திமுகவின் இ.ஜி. சுகவனத்திடம் தோற்றார். பதவியில் இருக்கும் முதலமைச்சர் சொந்தத் தொகுதியில் தோற்பது சாதாரண விஷயமா? மாநிலம் முழுக்க அதிமுகவுக்கு 4 இடம்.

அந்த நிலையில் எந்தக் கட்சியும் சிதறியிருக்கும். சில மூத்தவர்கள் 1997-ல் போட்டி அதிமுக நடத்தியும் பார்த்தார்கள். இலை ஜெயலலிதாவிடம் நின்றது, தொண்டனும் நின்றான். 2001-ல் ஆட்சியே திரும்பி வந்தது.

2017-ல் நம் பக்கத்து எம்.எல்.ஏ.க்கள் இரண்டு பேர் பதவி போனதே, அது எந்த அணி?

சசிகலாவின் உறவினர் டி.டி.வி. தினகரன் அணி. வரிசையாகச் சொன்னால்தான் புரியும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா இறந்தார். ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சர் ஆனார். 2017 பிப்ரவரி 5-ல் அவர் ராஜினாமா செய்ய, சசிகலாவைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன் போய் உட்கார்ந்து, எழுந்து, தன்னைக் கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினார்கள் என்றார். எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் சொகுசு விடுதியில். பிப்ரவரி 14-ல் சொத்துக் குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து சசிகலா சிறைக்குப் போக வேண்டியதாயிற்று. 16-ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி பதவியேற்றார், 18-ஆம் தேதி 122-க்கு 11 என்று நம்பிக்கை ஓட்டு ஜெயித்தார். அந்த 11 பேர் பன்னீர்செல்வம் பக்கம்.

ஆகஸ்ட் 21-ல் எடப்பாடி அணியும் பன்னீர் அணியும் இணைந்தன. இணைப்பு பிடிக்காத தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் மறுநாளே ஆளுநரைப் பார்த்து முதலமைச்சருக்கு ஆதரவை விலக்குவதாக மனுக் கொடுத்தார்கள். செப்டம்பர் 18-ல் சபாநாயகர் தனபால் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தார். அதில் இரண்டு பேர் தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள்: பாப்பிரெட்டிப்பட்டி பழனியப்பன், ஜெயலலிதா அமைச்சரவையில் உயர்கல்வி அமைச்சராக இருந்தவர், இன்னொருவர் அரூர் முருகன். ஐந்து தொகுதி உள்ள மாவட்டத்தில் இரண்டு தொகுதி ஒன்றரை வருஷத்துக்கு மேல் எம்.எல்.ஏ. இல்லாமல் கிடந்தது.

2019 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல். இங்கேதான் வேடிக்கை. தர்மபுரி எம்.பி. தொகுதி திமுகவுக்குப் போனது, ஆனால் பாப்பிரெட்டிப்பட்டியும் அரூரும் அதிமுகவுக்கு. அந்த ஏப்ரல், மே மாதங்களில் மாநிலம் முழுக்க நடந்த 22 இடைத்தேர்தல்களில் அதிமுக ஜெயித்தது 9, அந்த ஒன்பதுதான் எடப்பாடி ஆட்சியைக் காப்பாற்றியது, அதில் இரண்டு நம்முடையது. தினகரனின் அமமுக எடுபடவே இல்லை. ஆர்.கே. நகரில் பிரஷர் குக்கரில் நின்று ஜெயித்த தினகரனின் அணி அரூரில் ஏன் வேகவில்லை? அங்கே நின்றது தினகரனே. இங்கே அவர் ஆட்கள். அதோடு இலை எடப்பாடி பக்கம் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

பழனியப்பன் 2021-ல் அமமுகவில் நின்று தோற்றார், அதன்பின் திமுகவில் சேர்ந்தார்.

பதினொரு பேர் எதிர்த்து ஓட்டே போட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினெட்டுப் பேர் மனுதான் கொடுத்தார்கள், பதவி போனது. இது என்ன நியாயம்?

நிறையப் பேர் கேட்டது இதைத்தான். கட்சித் தாவல் தடைச் சட்டம், அதாவது அரசியல் சாசனத்தின் 10-ஆவது அட்டவணை, 1985-ல் வந்தது. தானாகக் கட்சியை விட்டு விலகினாலோ சபையில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவை மீறினாலோ பதவி போகும். முதலில் அதில் ஒரு சந்து இருந்தது: மூன்றில் ஒரு பங்குப் பேர் சேர்ந்து பிரிந்தால் ‘பிளவு’, தப்பித்துக்கொள்ளலாம். 2003-ல் 91-ஆவது திருத்தம் அந்தச் சந்தை அடைத்தது. இப்போது இன்னொரு கட்சியோடு இணைவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

ஆனால் முடிவெடுப்பது சபாநாயகர், அவரோ ஆளும் தரப்பிலிருந்து வந்தவர். அந்த 11 பேர் முடிவு வருவதற்குள் ஆளும் அணியோடு ஒன்றாகி விட்டார்கள், அவர்கள் மீதான புகார் வருஷக்கணக்கில் இழுத்தது. இந்த 18 பேர் எதிரே நின்றார்கள், ஒரு மாதத்தில் முடிந்தது. உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் வெவ்வேறு தீர்ப்புச் சொல்லி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கம் செல்லும் என்றார். சட்டப்படி சரி. நியாயமா என்று கேட்டால், நடுவரை ஒரு டீமே கூட்டி வரும் ஆட்டத்தில் அதைக் கேட்டு என்ன ஆகப் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு அணி சண்டை போட்டால் சின்னம் யாருக்குன்னு யார் முடிவு பண்றது?

தேர்தல் ஆணையம். 1968-ஆம் வருஷத்துச் சின்னங்கள் ஆணை என்று ஒன்று, அதன் 15-ஆவது பத்தி. அடுத்த வருஷமே காங்கிரஸ் உடைந்தது, இந்திரா பக்கம் அதிக எம்.பி., எம்.எல்.ஏ., கட்சி நிர்வாகிகள் இருந்ததால் அவருக்கே ஆணையம் தீர்ப்புச் சொன்னது, 1971-ல் சாதிக் அலி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. அன்றிலிருந்து இந்தத் தலையெண்ணும் வழிதான் பெரும்பாலும். தொண்டனிடம் யாரும் கேட்பதில்லை. அவன் எண்ணிக்கையைச் சரிபார்க்க வழியும் இல்லை, ஒரே ஆள் இரண்டு அணிக்கும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் எதை எடுப்பது?

தேர்தல் தலைக்கு மேல் இருந்தால் தற்காலிகமாகச் சின்னத்தை முடக்கி விடுவார்கள். 2017 மார்ச்சில் ஆர்.கே. நகருக்கு அப்படித்தான் சசிகலா அணிக்குத் தொப்பி, பன்னீர் அணிக்கு இரட்டை விளக்கு மின்கம்பம். அந்த மின்கம்பம் தூரத்திலிருந்து பார்த்தால் இலை மாதிரியே இருந்தது என்பது தற்செயல் என்று நம்புகிறவர் நம்பலாம். அந்த இடைத்தேர்தல் பணப் பட்டுவாடா புகாரில் ரத்தானது வேறு கதை.

பன்னீர்செல்வத்துக்குக் கடைசியில் என்ன ஆச்சு?

2022 ஜூலை 11 பொதுக்குழுவில் நீக்கினார்கள். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பொதுக்குழு செல்லும் என்றது, மார்ச்சில் எடப்பாடி பொதுச்செயலாளர். நடுவில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் கட்சிச் சின்னம் கிடைக்க வேட்பாளர் கொடுக்க வேண்டிய ஏ, பி படிவத்தில் கையெழுத்துப் போடுவது யார் என்ற பிரச்சினையே உச்ச நீதிமன்றம் வரை போய், அவைத்தலைவர் வழியாகத் தீர்க்க வேண்டியிருந்தது. 2024-ல் பன்னீர்செல்வம் ராமநாதபுரத்தில் பலாப்பழத்தில் சுயேச்சையாக நின்றார். அதே பெயரில் இன்னும் சில பன்னீர்செல்வங்களும் மனுத் தாக்கல் செய்தார்கள். மூன்று தடவை முதலமைச்சராக இருந்தவர், இரண்டாவது இடம்தான் பிடித்தார்.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியவர் காவேரிப்பட்டணம் கே.பி. முனுசாமி. 2017-ல் பன்னீர் அணியில் முன் வரிசை. 2022-ல் எடப்பாடி பக்கத்தில் முன் வரிசை. இதைத் தாவல் என்று திட்டுவதும் சுலபம், சாமர்த்தியம் என்று மெச்சுவதும் சுலபம். அணிகள் இணைந்த பிறகு வேப்பனப்பள்ளிப் பக்கம் ஆள்கட்டு எங்கே இருக்கிறதோ அங்கே அவர் இருந்தார் என்பதுதான் என் கணிப்பு.

திமுகவில் அணியே இல்லையா?

இல்லாமல் என்ன. தலைமையை எதிர்த்த அணி குறைவு, மாவட்டத்துக்குள் கோஷ்டி ஏராளம். மு.க. அழகிரி விவகாரம் 2014-ல் அவரை நீக்கியதோடு முடிந்தது, தனிக் கட்சி வரவில்லை. மாவட்டத்தில் இரண்டு பேர் முட்டிக்கொண்டால் தலைமை அதிகம் யோசிப்பதில்லை, மாவட்டத்தையே இரண்டாக்கி விடும். தர்மபுரி கிழக்கு, தர்மபுரி மேற்கு, கிருஷ்ணகிரி கிழக்கு, கிருஷ்ணகிரி மேற்கு. நிர்வாக வசதிக்கு என்று அறிக்கை வரும். சரி, நிர்வாக வசதியும் இருக்கும்தான்.

கோஷ்டி இருப்பதை வெளியே இருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃப்ளெக்ஸைப் படியுங்கள். மேல் வரிசையில் மறைந்த தலைவர்கள், அதில் சண்டை வராது. அடுத்து இப்போதைய தலைவர். அதற்குக் கீழே மாவட்டச் செயலாளர் படம் எவ்வளவு பெரிசு, அமைச்சரோ முன்னாள் அமைச்சரோ பக்கத்தில் இருக்கிறாரா, ஒன்றியச் செயலாளர் படம் இருக்கிறதா இல்லை பெயர் மட்டும் கீழே பொடி எழுத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரே கல்யாண மண்டபத்துக்கு ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு ஃப்ளெக்ஸ் வைத்து, ஒன்றில் இருக்கும் முகம் இன்னொன்றில் இல்லை என்றால் விஷயம் முற்றி விட்டது. செய்தித்தாளில் வருவதற்கு ஒரு மாதம் முன்பே மண்டப வாசலில் தெரிந்து விடும்.

இந்த அணிகளுக்குள் கொள்கை வித்தியாசம் ஏதாவது இருக்கா?

பெரும்பாலும் கிடையாது. 1961-ல் சம்பத் பிரிந்தபோது திராவிட நாடு கோரிக்கை பற்றி நிஜமான வாதம் இருந்தது. அதற்கு முன் காங்கிரசில் ராஜாஜி, காமராஜர் கோஷ்டிகள் இருந்தன. ராஜாஜி ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர், நம் மண். 1940-ல் மாகாணக் காங்கிரஸ் தலைவர் தேர்தலிலேயே அவர் ஆளை வென்றுதான் காமராஜர் வந்தார். ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சி ஆரம்பித்ததற்குப் பொருளாதாரக் கொள்கை ஒரு உண்மையான காரணம். அதே ராஜாஜி 1967-ல் திமுகவோடு கூட்டுச் சேர்ந்து காங்கிரசை இறக்கினார்.

1988, 2017, 2022 மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு கொள்கை தேடினால் பொழுதுதான் போகும். யார் வாரிசு, படிவத்தில் யார் கையெழுத்து, அவ்வளவே. பாஜகவோடு சேர்வதா வேண்டாமா என்பது மட்டும் சமீப காலத்தில் அதிமுகவுக்குள் கொஞ்சம் நிஜமான கேள்வி, அதிலும் 2023-ல் பிரிந்து 2025-ல் சேர்ந்தபோது பெரிய அணி எதுவும் கிளம்பவில்லை.

அப்போ பாமக? தர்மபுரியில் இரண்டு கட்சி என்றால் யாரும் ஒத்துக்க மாட்டாங்க!

ஒத்துக்கொள்ளக் கூடாதுதான். டுவெர்ஜே சொன்னதில் உள்ள ஓட்டையே தர்மபுரிதான்: மாநிலம் முழுக்கச் சின்னக் கட்சியாக இருந்தாலும் ஒரு வட்டாரத்தில் ஓட்டு குவிந்திருந்தால் அங்கே அது பெரிய கட்சி. 2010 பென்னாகரம் இடைத்தேர்தலில் திமுக ஜெயித்தது, பாமக இரண்டாவது, அதிமுக டெபாசிட் இழந்தது. 2014-ல் ஜெயலலிதா 39-ல் 37 இடத்தை அள்ளியபோது தப்பிய இரண்டில் ஒன்று தர்மபுரி, அன்புமணி ஜெயித்தார். 2021-ல் அதிமுகவும் பாமகவும் சேர்ந்து நின்றபோது மாவட்டத்தின் ஐந்து தொகுதியும் அவர்களுக்கே. 2019, 2024 இரண்டு நாடாளுமன்றத் தேர்தலிலும் அதே தர்மபுரி திமுகவிடம்.

அந்தப் பாமகவிலும் 2025-ல் அப்பா, மகன் என்று அணி வந்துவிட்டது. ராமதாஸ் செப்டம்பரில் அன்புமணியை நீக்குவதாக அறிவித்தார், நீக்க அவருக்கு அதிகாரமே இல்லை என்றது அன்புமணி தரப்பு. மாவட்டத்தில் அப்போது இருந்த இரண்டு பாமக எம்.எல்.ஏ.க்களில் பென்னாகரம் ஜி.கே. மணி அப்பா பக்கம், தர்மபுரி வெங்கடேஸ்வரன் மகன் பக்கம். கட்சிச் சின்னமான மாம்பழம் யாருக்கு என்ற அதே சண்டை. மாங்கூழ் ஆலைகள் நிறைந்த கிருஷ்ணகிரிக்காரர்கள் இதை வைத்து அடித்த ஜோக்குகளை இங்கே எழுத முடியாது.

அமெரிக்காவிலும் இரண்டு கட்சிதானே, அங்கே இப்படி உடைவதில்லையே?

அணி அங்கேயும் உண்டு, பெயர் வைத்து, அமைப்பாகவே. ஜனநாயகக் கட்சியில் முற்போக்கு அணி 1991-லிருந்தும், மிதவாதிகளின் ‘ப்ளூ டாக்’ அணி 1995-லிருந்தும் இருக்கின்றன. குடியரசுக் கட்சியில் 2015-ல் வந்த ‘ஃப்ரீடம் காக்கஸ்’ தீவிர வலதுசாரிகள். 2023 அக்டோபரில் எட்டே எட்டுக் குடியரசுக் கட்சிக்காரர்கள் எதிர்த் தரப்போடு சேர்ந்து ஓட்டுப் போட்டு, தங்கள் கட்சி சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியையே இறக்கினார்கள். அவர்கள் பதவி போகவில்லை, அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது.

பெரிய வித்தியாசம் வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில். அங்கே தொகுதியில் உள்ள வாக்காளர்கள் உள்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள், அதனால் அணிச் சண்டை கட்சிக்குள்ளேயே தீர்ந்து விடுகிறது. இங்கே பி படிவத்தில் தலைமையின் கையெழுத்து. சீட்டு கிடைக்காதவனுக்கு வெளியே போவதைத் தவிர வழியில்லை. அங்கேயும் 1912-ல் தியோடர் ரூஸ்வெல்ட் குடியரசுக் கட்சியை விட்டுத் தனியாக நின்றார், ஓட்டுப் பிரிந்தது, ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் ஜெயித்தார். நம் 1989 மாதிரியே.

அணி உடையும்போது கிளைச் செயலாளர் எந்தப் பக்கம் போகணும்?

பெரும்பாலும் ஒன்றியச் செயலாளர் போகும் பக்கம் போகிறார், ஒன்றியம் மாவட்டத்தைப் பார்க்கும். சொசைட்டிக் கடன், ஊராட்சி வேலை, தங்கச்சி மகனுக்கு ஒரு சிபாரிசு எல்லாம் அந்தச் சங்கிலி வழியாகத்தான் வரும். விவரமானவர்கள் ஆணையம் முடிவு சொல்லும் வரை ஃப்ளெக்ஸ் வைக்காமல், இரண்டு பக்கக் கூட்டத்துக்கும் வேன் அனுப்பி விட்டு, தான் மட்டும் உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருப்பார்கள்.